லேசர் ஜாமர் சோதனை: அரிசோனாவுல "பாஸ்" ஆன கருவியை ஏன் கழட்டினோம்

பின்னணி

ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர்ல வேலை பாக்குற நம்ம ஊர்க்காரர் ஒருத்தர், வேலை விஷயமா அடிக்கடி ஐ-10 ரோட்டுல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போயிட்டு வருவாரு. வண்டி ஃபுல் சைஸ் பிக்கப். அரிசோனா பக்கம் ஊருக்கு வெளில லிமிட் 75 மைல், கொலராடோ ஆத்தைத் தாண்டி ப்ளைத் வந்துட்டா 70 மைல், அதுவும் மூணு ஆக்ஸில் ட்ரக்குக்கு கலிஃபோர்னியாவுல 55தான், அதனால ஒரே ரோட்டுல ஒருத்தன் 55லயும் பக்கத்து லேன்ல இன்னொருத்தன் 85லயும் போற மாதிரி ஒரு ரோடு அது. அங்க போலீஸ் வேகத்தை அளக்குற லேசர் கன்ல பிடிபட்டு ஒரு அபராத டிக்கெட் வாங்கினாரு. போலீஸோட ரேடாரோ லேசரோ வந்து பட்டா எச்சரிக்கிற ரேடார் டிடெக்டர் வண்டியில இருந்துச்சு, அதுவும் அடிச்சுச்சு, ஆனா அடிக்கும்போதே போலீஸ் கையில வேகத்தோட நம்பர் வந்தாச்சு.

இது ஏன்னு புரிஞ்சாதான் மீதி கதை புரியும். ரேடார் அலை விரிஞ்சு போகும், உங்களுக்கு முன்னாடி போற வண்டி மேல பட்டு சிதறி உங்க டிடெக்டருக்கு முன்கூட்டியே வந்துரும். லேசர் கன் அப்படி இல்ல. கண்ணுக்குத் தெரியாத 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை துடிப்பு துடிப்பா அனுப்பும், ஒவ்வொரு துடிப்பும் போய்ட்டு வர்ற நேரத்தை வச்சு தூரத்தைக் கணக்கு போடும், ஒளி ஒரு நானோசெகண்டுல 30 சென்டிமீட்டர் போகும், அந்த அளவுக்கு நுணுக்கமான கணக்கு. தூரம் எவ்ளோ வேகமா குறையுதுன்னு பாத்து ஸ்பீடு சொல்லிரும், எல்லாம் அரை செகண்டுக்குள்ள முடிஞ்சுரும். ஒளிக்கற்றை ஆயிரம் அடி தூரத்துல சுமாரா மூணு அடி அகலம்தான், அதாவது உங்க வண்டியில கூட ஒரு பகுதி மேலதான் படும். டிடெக்டர் அடிக்குதுன்னா உங்க வண்டியைத்தான் குறி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

அதனால அவரு அடுத்த கட்டமா ஜாமர் வாங்கினாரு. பம்பர்லயோ கிரில்லயோ "ஹெட்"னு சொல்ற, ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புற சின்ன சின்ன பெட்டிகளை மாட்டுவாங்க, லேசர் துடிப்பு வந்து பட்டதும் அது எந்த கன்னோட துடிப்புன்னு கண்டுபிடிச்சு அதே தாளத்துல திருப்பி ஒளியை அனுப்பி கன்னைக் குழப்பும், உள்ள டிரைவருக்கு அலாரம் அடிக்கும். பிரேக் போட்டு லிமிட்டுக்கு வந்ததும் ஜாமரை ஆஃப் பண்ணிரணும், கன்னுக்கு சாதாரண நம்பர் கிடைக்கட்டும்னு. விளம்பரம், வீடியோ எல்லாம் பாத்துட்டு ஒரு கடையில பொருத்திட்டும் வந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் என்கிட்ட கேட்டாரு, "அண்ணா, இது நிஜமாவே வேலை செய்யுதான்னு எப்படி பாக்குறது?"

கேள்வி நியாயமானது. ரோட்டுல போலீஸ் முன்னாடி டெஸ்ட் பண்றதுல எனக்கு சம்மதம் இல்லைன்னு அப்பவே சொன்னேன், தனி இடம் கிடைச்சா மட்டும் வரேன்னேன்.

சட்டம் எங்க நிக்குது

அமெரிக்காவுல இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ரேடாரை ஜாம் பண்றது நாடு முழுக்க குத்தம், ஏன்னா அது ரேடியோ அலை, எஃப்சிசிங்கிற மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தோட சட்டத்துக்குள்ள வரும். லேசர் ஒளி அந்த சட்டத்துக்குள்ள வராததால மாநிலங்கள் தனித்தனியா முடிவு பண்ணியிருக்கு. கலிஃபோர்னியா, டெக்சஸ், வர்ஜீனியா உட்பட பத்துக்கும் மேல மாநிலங்கள்ல லேசர் ஜாமருக்குத் தடை. நாங்க சோதனை பண்ண சமயத்துல அரிசோனாவுல அப்படித் தனித் தடை இல்ல.

அவரோட பயணத்துல பாதிக்கு மேல கலிஃபோர்னியா. அங்க வாகனச் சட்டத்துல 28150ங்கிற பிரிவு ரொம்ப தெளிவா இருக்கு, போலீஸோட ரேடாரையோ லேசரையோ குழப்புறதுக்காக செஞ்ச கருவி, இல்ல குழப்பக்கூடிய திறன் இருக்க கருவி, வண்டியில பொருத்தியிருக்கவே கூடாது. அப்ப ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு பார்டரைத் தாண்டினாலும் குத்தம்தான், "இது பார்க்கிங் சென்சார்"னு சொல்றதும் எடுபடாது, ஏன்னா திறன் இருந்தாலே போதும்னு எழுதியிருக்கு. நாலு கருவியோ அதுக்கு மேலயோ வச்சிருந்தா கிரிமினல் கணக்குல போயிரும். இதை அவருகிட்ட முதல்லயே காட்டினேன். "முதல்ல வேலை செய்யுதான்னு பாத்துடலாம்ண்ணா, அப்புறம் யோசிக்கலாம்"னாரு.

சோதனையை எப்படி அமைச்சோம்

தனியாருக்குச் சொந்தமான, இப்ப உபயோகத்துல இல்லாத ஒரு நேர் ரோடு, இடத்துக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்தி கேட் அடைச்சாச்சு. ஒரு நேரத்துல ஒரே வண்டிதான் ஓடும், வேகம் 60 மைலுக்கு மேல கிடையாது. 60 மைல்னா செகண்டுக்கு 88 அடி, ஆயிரம் அடியைக் கடக்க பதினோரு செகண்டு, அளக்குறதுக்கு அது தாராளம்.

கன் பிடிக்க ட்ராஃபிக்ல இருந்து ரிட்டையர் ஆன ஒரு போலீஸ்காரர் வந்தாரு. பழைய கன்கள் ஏலத்துல சாதாரண ஆளுக்கே கிடைக்கும், அவருகிட்டயும் அவரோட சிநேகிதர்கிட்டயும் இருந்ததை வச்சு பாத்தோம். ஒண்ணு ப்ரோ லேசர் 3, செகண்டுக்கு 200 துடிப்பு, சீரா போகும். ஒண்ணு பழைய அல்ட்ராலைட், அதுவும் சீரான துடிப்புதான். மூணாவது ட்ராகன்ஐ, இதுல துடிப்போட இடைவெளி மாறிக்கிட்டே இருக்கும், ஜாமரால அடுத்த துடிப்பு எப்ப வரும்னு ஊகிக்க முடியாதபடி செஞ்சது. இந்த மூணாவதை சேர்க்கணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். பழைய கன்னை மட்டும் வச்சு டெஸ்ட் பண்ணா எந்த ஜாமரும் ராஜா மாதிரி தெரியும்.

இன்னொரு முடிவும் முன்னாடியே எடுத்தோம். "ஜாம் ஆச்சா இல்லையா"ன்னு ஆமா இல்லைன்னு எழுதக்கூடாது, அலாரம் அடிச்ச நேரத்துக்கும் கன்ல நம்பர் விழுந்த நேரத்துக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு எழுதணும். கன்னோட திரையை ஒரு கேமரா, வண்டிக்குள்ள அலாரத்தை ஒரு கேமரா, ரெண்டையும் ஒரே போன் கடிகாரத்தைக் காட்டி ஆரம்பிச்சு பின்னாடி ஒத்துப் பாத்தோம். காரணம் சிம்பிள்: 80ல போறவர் 70க்கு இறங்கணும்னா, அலாரம் கேட்டு கால் பிரேக்குக்கு போக ஒண்ணரை செகண்டு, பதறாம மிதிச்சா இன்னொரு ஒண்ணரை செகண்டு, மொத்தம் மூணு. மூணு செகண்டுக்குள்ள கன் நம்பரை எடுத்துட்டா ஜாமர் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

முன்பக்கம்: முதல் சுற்று

ப்ரோ லேசர் 3ல ஆரம்பிச்சோம், கிரில்லோட நடுவுல குறி. தூரத்துல இருந்தே கன் திணறுச்சு. சாதாரணமா குறி பிடிச்சதும் ஒரே சீரா ஒரு டோன் வரும், இங்க அது விட்டு விட்டு கீச்சிட்டு அடங்குது, திரையில நம்பர் வரல, வெறும் கோடு. வண்டி எங்களைத் தாண்டிப் போற வரைக்கும் அப்படித்தான். வண்டி ஓனருக்கு ரொம்ப சந்தோஷம், இறங்கி வந்து திரையைப் பாத்துட்டு போனாரு.

அடுத்த ஓட்டத்துல போலீஸ்காரர் எதுவும் சொல்லாம குறியை டிரைவர் பக்க ஹெட்லைட்டுக்கு மாத்தினாரு. நம்பர் உடனே விழுந்துச்சு. ஜாமர் அலாரமே அடிக்கல.

கிட்டப் போய் பாத்தா விஷயம் தெரிஞ்சுச்சு. கடைக்காரங்க ரெண்டு ஹெட்டையும் நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினாப்ல, நடுவுல மாட்டியிருக்காங்க. பிக்கப்போட அகலம் ஆறரை அடிக்கு மேல. ஐநூறு அடியில லேசர் கற்றை ஒண்ணரை அடிதான், அது ஹெட்லைட் மேல விழும்போது நடுவுல இருக்க ஹெட்டுக்கு ஒளியே வர்றதில்ல. ஹெட்லைட்டுக்குள்ள இருக்க ரிஃப்ளெக்டர் ஒளியை நல்லா திருப்பி அனுப்பும், கன்னுக்கு அதுவே போதும். பத்தாததுக்கு ஒரு ஹெட் லேசா மேல பாத்து இருந்துச்சு, ரசமட்டம் வச்சதும் குமிழி ஓரத்துக்கு ஓடிருச்சு. ஹெட் ரோட்டுக்கு இணையா நேரா பாக்கணும், கொஞ்சம் தூக்கி இருந்தா கூட தூரத்துல வானத்தைத்தான் பாக்கும்.

அங்கேயே ஹெட்டைக் கழட்டி, ஹெட்லைட்டுக்கு எவ்ளோ பக்கத்துல முடியுமோ அவ்ளோ வெளிய தள்ளி, தற்காலிகமா பிராக்கெட் போட்டு, ரசமட்டம் பாத்து மாட்டினோம். இந்த அளவு வண்டிக்கு உண்மையில மூணு ஹெட் வேணும், எங்ககிட்ட ரெண்டுதான். மறுபடி ஓட்டினதுல ப்ரோ லேசரும் அல்ட்ராலைட்டும் எங்க குறி வச்சாலும் திணறுச்சு, ரொம்ப கிட்ட வந்தப்புறம்தான் நம்பர் எடுத்துச்சு, நேரக்கணக்குல மூணு செகண்டுக்கு நல்லாவே மேல.

ட்ராகன்ஐ வந்ததும் கதை மாறிருச்சு. அலாரம் அடிச்சுது, ஜாமர் வேலையைத் தொடங்கினது விளக்குல தெரிஞ்சுது, ஆனா ஒரு செகண்டு கூட தாங்கல, வண்டி தூரத்துல இருக்கும்போதே நம்பர். இது வண்டியோட கோளாறு இல்ல, ஜாமர் பெட்டிக்குள்ள ஓடுற மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், பழசு. லேப்டாப்ல புதுசைப் போட்டு ஓட்டினோம். இப்ப தாங்கும் நேரம் கூடுச்சு, ஆனா ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் ஒத்து வரல, சில தடவை மூணு செகண்டுக்கு மேல, சில தடவை அதுக்கு ரொம்ப உள்ள. இப்படி ஏறி இறங்குற எண்ணை வச்சு ரோட்டுல யாரும் எதையும் முடிவு பண்ண முடியாது.

பின்பக்கமும் உயரமும்

அரிசோனாவுல முன்னாடி நம்பர் பிளேட் கட்டாயம் இல்ல, பின்னாடி மட்டும்தான். ஜாமருக்கு இது பெரிய சலுகை. நம்பர் பிளேட்டோட பூச்சு, வர்ற ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புறதுக்காகவே செஞ்சது, லேசர் கன் பிடிக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல குறி கிடையாது. முன்னாடி பிளேட் இல்லாத வண்டியில கிடைக்கிற ரிசல்ட்டைப் பாத்துட்டு, ரெண்டு பக்கமும் பிளேட் கட்டாயமா இருக்க கலிஃபோர்னியா ரெஜிஸ்ட்ரேஷன் வண்டிக்காரங்க "இது பாஸ்"னு நம்பி வாங்கினா அது தப்பான முடிவாதான் இருக்கும். நாங்க ஒரு பழைய பிளேட்டை முன்னாடி கட்டியும் ஓட்டிப் பாத்தோம், பழைய கன்களே முன்னைவிட தூரத்துல நம்பர் எடுத்துச்சு.

பின்பக்கம் ஹெட்டே இல்ல, அங்க பிளேட் இருக்கு. தாண்டிப் போற வண்டியைப் பின்னால இருந்து சுட்டதும் மூணு கன்னும் தயங்காம நம்பர் சொல்லுச்சு. ரோட்டுல இப்படி பின்னால இருந்து பிடிக்கிறது சாதாரணமா நடக்குற விஷயம்னு போலீஸ்காரர் சொன்னாரு.

பாலத்து மேல இருந்து பிடிக்கிறதை எங்களால முழுசா செஞ்சு பாக்க முடியல, இன்னொரு பிக்கப்போட கூரை மேல ஏறி நின்னு கொஞ்சம் உயரத்துல இருந்து பாத்தோம். கோணம் ஏற ஏற ஜாமர் அலாரம் லேட்டா வந்துச்சு. உயரத்துல இருந்தும் ஓரத்துல இருந்தும் பிடிச்சா கோணத்தால கன் நிஜ வேகத்தைவிட கொஞ்சம் குறைச்சுதான் காட்டும், அது டிரைவருக்கு சாதகம், ஆனா ஜாமர் அங்க உதவாது.

போலீஸ்காரர் பாத்தது

சாப்பாட்டு நேரத்துல ஓனர் அவருகிட்ட நேராவே கேட்டாரு, ட்யூட்டியில இருக்கும்போது கன் இப்படி வெறும் கோடு காட்டினா என்ன பண்ணுவீங்கன்னு. அவரு யோசிக்காம சொன்னாரு: அடுத்த வண்டியைப் பிடிச்சுப் பாப்பேன், அதுல உடனே நம்பர் வந்தா கன் நல்லா இருக்குன்னு அர்த்தம், அப்ப முன்னாடி போன வண்டிதான் கோளாறு, நிறுத்தி கிரில்லைப் பாப்பேன். சில கன்கள் தானாவே "ஜாம் பண்றாங்க"ன்னு காட்டிரும்னும் சொன்னாரு.

எனக்கு அன்னிக்கு முழுக்க மனசுல நின்னது இதுதான். நம்பர் வராம இருக்கிறதும் ஒரு தகவல்தான். ஜாமர் நல்லா வேலை செய்யுற ஒவ்வொரு செகண்டும் அங்க நிக்கிற போலீஸ்காரருக்கு ஒரு சாட்சி சேருது. இங்கிலாந்துல இந்த மாதிரி கேஸை ஸ்பீடிங்கா பாக்காம நீதியைத் தடுத்த குத்தமா போடுறாங்க, 2018ல ஒருத்தருக்கு எட்டு மாசம் ஜெயில் கிடைச்சது. வேகத்துக்கு அவருக்கு வந்திருக்கக்கூடியது வெறும் அபராதமும் லைசென்ஸ்ல பாயிண்ட்டும்.

பிரேக்

வண்டிக்குள்ள இருந்த கேமராவைப் பின்னாடி ஓட்டிப் பாக்கும்போது இன்னொண்ணு தெரிஞ்சுது. அலாரம் அடிக்கும்போதெல்லாம் ஓனரோட கால் தன்னால பிரேக்குக்குப் போகுது, அதுவும் மெதுவா இல்ல, கப்புல இருந்த தண்ணி சிந்துற அளவுக்கு. இத்தனைக்கும் அது சோதனைன்னு தெரியும், வேகம் 60தான், பின்னாடி வண்டியே கிடையாது.

ஐ-10ல பின்னாடி 80,000 பவுண்டு ட்ரக் வரும். முழு லோடோட 65ல வர்ற ட்ரக் நிக்கிறதுக்கு ஐநூறு அடிக்கு மேல ஆகும். அலாரம் அடிச்சதும் காரணமே தெரியாம முன்னாடி போற பிக்கப் சடன் பிரேக் போட்டா அந்த டிரைவர் என்ன பண்ணுவாரு? ஜாமர் டெஸ்ட் வீடியோக்கள்ல இதை யாரும் பேசி நான் பாத்ததில்ல, எனக்கு இது எல்லாத்தையும்விட முக்கியமாப் பட்டுச்சு, அவருகிட்டயும் அப்படியேதான் சொன்னேன்.

எடுத்த முடிவு, நடந்தது

அன்னிக்கு சாயங்காலமே முடிவு எடுக்கல. ஓனர் வீட்டுக்குப் போய் நேரக்கணக்கை வரிசையா எழுதி வச்சுப் பாத்தாரு. அவருக்கு முன்னாடி இருந்த வழி மூணு: இன்னொரு முன் ஹெட்டும் பின்னாடி ரெண்டும் வாங்கி முழுசா பொருத்துறது, அரிசோனாவுக்குள்ள மட்டும் வச்சுக்கிட்டு கலிஃபோர்னியா போகும்போது கழட்டுறது, இல்ல மொத்தமா எடுத்துடறது. முதலாவதுக்கு செலவு பண்ணாலும் புது வகை கன்னுக்கு உத்தரவாதம் இல்ல, அடுத்த ஃபர்ம்வேருக்கு காத்துக்கிட்டே இருக்கணும், கன் செய்யுறவங்களும் சும்மா இருக்கப் போறதில்ல. ரெண்டாவது நடைமுறைக்கு வராது, ஒவ்வொரு பயணத்துக்கும் பம்பரைப் பிரிச்சுக்கிட்டு இருக்க முடியாது.

கழட்டிட்டாரு. அவரை முடிவா தள்ளினது சட்டமா பிரேக் வீடியோவான்னு கேட்டேன். "வீட்டுல அந்த வீடியோவைப் பாத்தாங்கண்ணா"ன்னாரு, அதுக்கு மேல நான் கேக்கல. கடைக்காரங்க பொருத்தின கூலியைத் திருப்பித் தரல, கருவியை மட்டும் பாதி விலைக்கு எடுத்துக்கிட்டாங்க. இப்ப க்ரூஸ் கன்ட்ரோலை லிமிட்டுல வச்சு ஓட்டுறாரு, ப்ளைத் வரைக்கும் 75, அதுக்கப்புறம் 70. பயண நேரம் எவ்ளோ கூடுச்சுன்னு கணக்கு போட்டோம்: ஃபீனிக்ஸ்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் சுமாரா 370 மைல், அதுல ஊருக்குள்ள ட்ராஃபிக்ல போறதைக் கழிச்சா நெடுஞ்சாலையில வித்தியாசம் அரை மணி நேரத்தைத் தாண்டல.

திரும்ப செஞ்சா மாத்த வேண்டியவை

பொருத்துறதுக்கு முன்னாடியே ஹெட் எங்க வரணும்னு வண்டி அகலத்தை அளந்து பாக்கணும், கடையில விட்டுட்டு வரக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறியை எங்க வைக்கணும்னு கன் பிடிக்கிறவரே சீட்டு எடுத்து முடிவு பண்ணணும், வண்டிக்காரருக்கு அது தெரியக்கூடாது, நடுவுல மட்டும் சுட்டு "பாஸ்" போடுற டெஸ்ட்டுல எதுவும் தெரியாது. முன் பிளேட் கட்டியும் கட்டாமலும் ரெண்டு விதமா ஓட்டணும், எந்த மாநிலத்துக்கான ரிசல்ட்னு மேல எழுதணும். ஃபர்ம்வேர் நம்பரும் கன்னோட மாடலும் எழுதாத ரிசல்ட்டை யார் காட்டினாலும் நான் எடுத்துக்க மாட்டேன்.

அப்புறம் சில ஓட்டங்கள்ல கன்னை ட்ரிகரே அழுத்தாம விடணும். நாங்க எல்லா ஓட்டத்துலயும் சுட்டுட்டோம்கிறதால, லேசரே வராதப்ப இந்த ஜாமர் எத்தனை தடவை பொய்யா அலாரம் அடிச்சு டிரைவரை பிரேக் போட வைக்கும்னு எங்க கணக்குல இல்ல. அந்த ஓட்டங்கள்ல பாக்க வேண்டியது டிரைவரோட காலை.